தம்பி நடித்த படமும் மற்ற படங்களும்

பெரியக்காவுக்குப் படத்தின் பெயர் ஒருநாளும் நினைவில் நின்றதில்லை. சுரங்கத்துக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டால் அது சுரங்கப் படம். கதாநாயகன் இடைவேளை வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தால் அழுமூஞ்சிப் படம். படம் எடுத்தவர்கள் மண்டையை உடைத்து வைத்த தலைப்பு ஒரு பக்கம் கிடக்க, அவள் வைத்த பெயர்தான் வீட்டிலும் வேலையிடத்திலும் நிலைத்தது.

வேலை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் கண்ணாடி முகப்பு வைத்த ஒரு அறை, சுவரில் சாலைக் குறிகளின் படம், வாசலில் இரண்டு சின்னக் கார்கள். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் காலடியில் வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறாள். அவளைவிட மூத்தவரான முதலாளிகூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்.

சினிமாப் பேச்சு காருக்குள் வந்ததற்குக் காரணம் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் ஸ்டியரிங்கை எதிரியின் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடிப்பார்கள். "பயப்படாதீங்க" என்று சொன்னால் அதுவரை பயப்படாதவர்களும் பயப்படுவார்கள். "கடைசியா என்ன படம் பார்த்தீங்க?" என்று கேட்டால் மட்டும் விரல்கள் தானாகத் தளரும். பிறகு அவள் தன் அபிப்பிராயத்தைச் சொல்வாள். அதை மறுத்துப் பேசுகிற வேகத்தில் கற்றுக்கொள்கிறவர் மூன்றாவது கியருக்குப் போயிருப்பார்.

புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. மதியக் காட்சிக்கு வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போவாள். அவருக்கு ரொட்டி அடுமனையில் வேலை. விடிவதற்கு முன்னால் மாவு பிசையப் போகிற மனிதர், தியேட்டரில் விளக்கு அணைந்ததும் தலையைச் சாய்த்துவிடுவார். அவர் இடைவேளை வரை விழித்திருந்தால் அது நல்ல படம் என்பது பெரியக்காவின் கணக்கு. விமர்சகர்கள் தரும் நட்சத்திரத்தைவிட அதில் அவளுக்கு நம்பிக்கை அதிகம்.

அந்த வருஷம் பெரிய நடிகரின் இரட்டை வேடப் படத்தோடு தொடங்கியது. முதலாளி அந்த நடிகரின் பரம ரசிகர். முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, பெரியக்கா எப்போது பார்ப்பாள் என்று காத்திருந்தார். வியாழக்கிழமை காலை அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"எப்படி?" என்றார்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி நடக்குறாங்க, ஒரே மாதிரி பேசுறாங்க. கெட்டவன் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கான். அதைக் கழட்டிட்டா படமே முடிஞ்சிடும்."

"கார்ல துரத்துற சீன்?"

"அவ்வளவு நேரம் ஓட்டுறான், கை ஒரு தடவைகூட கியர் பக்கம் போகல. நம்மகிட்ட வந்திருந்தா இன்னும் மூணு மாசம் பயிற்சி எடுத்துட்டு வாப்பான்னு அனுப்பியிருப்பேன்."

"படத்தைப் படமா பாக்கணும் பெரியக்கா. லைசென்ஸ் கேக்கக் கூடாது" என்று முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டார். மதியம் தேநீர் வருவதற்குள் சமாதானமாகிவிட்டார். அவள் சொல்வது யாருக்கும் பிடிக்காது. ஆனால் அவள் சொல்லாவிட்டால் படம் பார்த்தது போலவே இருக்காது.

அடுத்து வந்தது பேய்ப் படம். பேயைப் பற்றி அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. "பேய் நல்லாத்தான் பண்ணுச்சு. வீட்டைத்தான் நம்ப முடியல. அந்தப் பையன் வாங்குற சம்பளத்துக்கு அவ்வளவு பெரிய வீட்டை யாரு வாடகைக்குக் குடுப்பா?" வீட்டுக்காரர் முதல் அலறலில் திடுக்கிட்டு எழுந்து, மடியிலிருந்த சோளப்பொரியை முன்வரிசைக்காரரின் தலையில் கொட்டியதுதான் அந்தப் படத்தில் தனக்குப் பிடித்த காட்சி என்றாள்.

சுரங்கப் படத்தை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது. அவளும் பிடித்திருந்தது என்றுதான் சொன்னாள். ஆனால் ஒரு மனத்தாங்கல். "எப்ப அழணும்னு எனக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் வயலின் வந்து முதுகுல தட்டிக் கூப்பிட வேண்டாம்." பாதியில் நின்றுபோன ஒரு சண்டைப் படத்தின் மேல்தான் நிஜக் கோபம். கதாநாயகன் மலை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருக்கும்போது, மீதி இரண்டாம் பாகத்தில் என்று போட்டுவிட்டார்கள். "நான் என்ன பல் டாக்டர்கிட்டயா போயிருக்கேன், ரெண்டாவது தடவையும் வரச் சொல்றதுக்கு?" என்று பள்ளியிலிருந்து மேம்பாலம் வரைக்கும் பொரிந்து தள்ளினாள். ஓட்டிக்கொண்டிருந்த கல்லூரி மாணவி சிரித்துச் சிரித்து என்ஜினை அணைய விட்டாள்.

நடு வருஷத்தில் ஒரு சின்னப் படம் வந்தது. ஆஸ்பத்திரி அறையில் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கும் இரண்டு கிழவிகள்; அவ்வளவுதான் கதை. தியேட்டரில் ஆளைவிட நாற்காலி அதிகம். ஒரு கிழவி மற்றவளுக்குத் தலைவாரி விடுகிற இடத்தில் பெரியக்கா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்காரர் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் காரில் ஏறிய அத்தனை பேரையும் அந்தப் படத்துக்குப் போகச் சொன்னாள். அவர்கள் கிளம்புவதற்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

இப்படி ஊரார் படத்தையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு, வீட்டுக்குள்ளேயே ஒரு படம் வந்து சேர்ந்தது. அவளுடைய ஒரே தம்பி சினிமாவில் நடித்துவிட்டான்.

தம்பிக்கு மரச்சாமான் கடையில் விற்பனையாளர் வேலை. ஓய்வு நேரத்தில் ஒரு நாடகக் குழுவில் இருந்தான்; மேடைக்குப் பின்னால் நாற்காலி தூக்கவும், ஆள் குறைந்தால் காவல்காரனாக நிற்கவும். ஒருநாள் படப்பிடிப்புக்கு சோபா வாடகைக்குக் கேட்டுக் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவரான இயக்குநர், சோபாவின் அருமை பெருமைகளை அவன் விவரிக்கிற அழகைப் பார்த்துவிட்டு, "எங்க படத்துல பொண்ணோட அப்பாவா நடிக்கிறீங்களா?" என்று கேட்டார். சோபாவோடு ஆளையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று குடும்பத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள், கடைக்காரர்கள், நாடகக் குழு என்று இரண்டு வரிசை நிரம்பியது. தம்பி மனைவி புதுத்துணி உடுத்தி, வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்றாள், கல்யாண வீடு போல. தம்பி திரையில் தோன்றியதும் விசில் பறந்தது. அவன் வாயைத் திறக்கும் போதெல்லாம் யாராவது கைதட்டினார்கள். பெரியக்கா கைதட்டவில்லை. அவள் அவனுடைய இடது புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து எல்லோரும் முன்கூடத்தில் சுவரொட்டியின் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். சுவரொட்டியில் தம்பியின் முகம் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது, ஆனாலும் இருந்தது. ஆளாளுக்கு அவனைக் கட்டிப்பிடித்தார்கள். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அக்காவிடம் வந்தான்.

"அக்கா, எப்படி?"

"படம் நல்லாருக்குடா."

"படத்தைக் கேக்கல. என்னைக் கேட்டேன். ஊருக்கெல்லாம் ஒளிக்காம சொல்லுவல்ல? எனக்கும் சொல்லு."

 இருபது வருஷமாகப் பழகிய வாய் நிற்கவில்லை.

"நீ பொய் சொல்றது எனக்குத் தெரியுதுடா. சின்ன வயசுல வயித்துவலின்னு சொல்லி ஸ்கூலுக்கு மட்டம் போடுவியே, அப்ப உன் இடது புருவம் மேல ஏறிக்கும். படம் முழுக்க அது கீழ இறங்கவே இல்ல."

கடையில் அவனோடு வேலை செய்கிற ஒருவர் வெடித்துச் சிரித்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். யாரோ தன் புருவத்தை உயர்த்திக் காட்டினார்கள். தம்பியும் சிரிக்கத்தான் பார்த்தான். பிறகு, "வண்டியை எடுத்துட்டு வரேன்" என்று போனவன் திரும்பி உள்ளே வரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் வீட்டுக்காரர்தான் பேச்சை எடுத்தார்.

"பொய் சொல்லத் தெரியலேன்னா வாயை மூடிக்கவாவது தெரியணும்" என்றார்.

"அவன்தானே கேட்டான்?"

"கேக்குறவன் எல்லாம் பதிலுக்கா கேக்குறான்?"

அதற்குப் பிறகு தம்பி போனை எடுக்கவில்லை. அவன் மனைவிதான் எடுத்தாள். "குளிச்சிட்டு இருக்காரு அண்ணி" என்பாள். காலையில் கூப்பிட்டாலும் குளியல், மாலையில் கூப்பிட்டாலும் குளியல். ஒரு மனுஷன் இவ்வளவு குளித்தால் தோல் உரிந்துவிடும் என்று பெரியக்கா முதலில் வேடிக்கையாக நினைத்தாள். ஒரு மாதம் போனதும் வேடிக்கை போய்விட்டது. அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டவள் அவள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட இத்தனை நாள் அவன் அவளோடு பேசாமல் இருந்ததில்லை.

புதன்கிழமைகளில் தியேட்டருக்குப் போவது தொடர்ந்தது. ஆனால் வியாழக்கிழமை முதலாளி கேட்டால், "பரவாயில்ல" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். காருக்குள்ளும் பேச்சு அடங்கிப்போனது. கற்றுக்கொள்கிறவர்கள் பழையபடி ஸ்டியரிங்கின் கழுத்தை நெரித்தார்கள்.

அப்போது கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒரு நர்ஸ் உண்டு. முன்னால் போவதில் சூரப்புலி. ரிவர்ஸ் என்றால் மட்டும் கை கால் உதறும். ஒரு மாலை, காலியான வாகன நிறுத்தத்தில் பின்பக்கமாக எடுத்துப் பழகிக்கொண்டிருந்தபோது நர்ஸ் தானாகவே ஆரம்பித்தாள்.

"அக்கா, நீங்க இப்பல்லாம் படத்தைப் பத்தியே பேசுறதில்ல."

"என்ன பேச? கண்ணாடியைப் பாரு. மெதுவா கிளட்ச்சை விடு."

"நான் போன வாரம் ஒண்ணு பாத்தேன். வெளியூருக்குப் படிக்கப் போற பொண்ணு கதை. படம் சுமார்தான். ஆனா அந்த அப்பா இருக்காரே... பஸ் ஸ்டாண்டுல நிப்பாரே அந்த சீன்ல, என்னால முடியலக்கா. தேம்பித் தேம்பி அழுதுட்டேன்."

பெரியக்காவின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நின்றது.

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

"பொண்ணோட பஸ் கிளம்பிப் போயிரும். அவர் கை காட்ட மாட்டாரு, அழ மாட்டாரு. சும்மா நிப்பாரு. ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிப்பாரு. பெஞ்சுல உக்காரப் போவாரு, உக்கார மாட்டாரு. நான் வேலை கிடைச்சு வந்த அன்னைக்கு எங்கப்பா அப்படியேதான் நின்னாரு."

பெரியக்காவுக்கு அந்தக் காட்சி நினைவே இல்லை. யோசித்துப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் தம்பி மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பின்வரிசையில் யாருடைய போனோ அடித்தது. அவள் திரும்பி முறைத்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தபோது வேறு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அப்பா தன் தம்பி என்று நர்ஸிடம் சொல்ல வாய் வரவில்லை. "ரிவர்ஸ் போடு, மறுபடியும் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த புதன்கிழமை அந்தப் படத்துக்கே கிளம்பினாள். வீட்டுக்காரர் வர மறுத்துவிட்டார். "ஏற்கனவே தூங்கின படத்துல மறுபடியும் எதுக்குத் தூங்கணும்?" படம் நகர எல்லையில் ஒரு சின்ன அரங்குக்கு மாறியிருந்தது. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். விசில் இல்லை, கைதட்டல் இல்லை. சாப்பாட்டு மேசைக் காட்சி வந்தது. புருவம் மேலேதான் இருந்தது. மகளைத் திட்டுகிற காட்சியிலும் இறங்கவில்லை. தான் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கு உறுதியானது. அதில் மகிழ்ச்சி ஏதும் வரவில்லை.

பிறகு பஸ் நிலையம். பஸ் போனது. அந்த மனிதர் நின்றார். கால் மாற்றி நின்றார். எதையோ பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, பெஞ்சைப் பார்த்தார், உட்காரவில்லை. இவ்வளவு பேர் இருக்கிறார்களே, அந்தப் பெரிய மனுஷனை யாராவது உட்காரச் சொல்லக் கூடாதா என்று பெரியக்காவுக்கு ஆத்திரம் வந்தது. காட்சி மாறி, வேறு யாரோ பேசத் தொடங்கிய பிறகுதான், தான் பார்த்துக்கொண்டிருந்தது தன் தம்பியை என்பது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் முதலாளியிடம் சொல்லிவிட்டு மரச்சாமான் கடைக்குப் போனாள். தம்பி ஓர் அலமாரிக் கதவின் கீலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து, விற்பனையாளர் குரலில் பேசினான்.

"வாங்க மேடம். என்ன பாக்குறீங்க?"

"நாற்காலி" என்றாள், அவளும் விடாமல்.

"இது புதுசா வந்தது. முதுகுக்கு நல்லது. உக்காந்து பாருங்க."

அவள் உட்கார்ந்தாள். "படத்தை ரெண்டாவது தடவை பார்த்தேன்டா."

"எதுக்கு? புருவத்தை எண்ணவா?"

"சாப்பாட்டு மேசை சீன் இன்னும் மோசமாத்தான் இருக்கு."

"சரி. வேற ஏதாவது பாக்குறீங்களா? கட்டில்?"

"பஸ் ஸ்டாண்டுல நீ யாருன்னு எனக்குத் தெரியலடா." "நிஜமாத்தான் சொல்றேன். யாரோ ஒரு பொண்ணைப் பெத்தவன் நிக்கிறான்னு நினைச்சேன். எங்கிட்ட கார் கத்துக்குற பொண்ணு ஒருத்தி அதைப் பார்த்து அழுதிருக்கா. நீ என் தம்பின்னு அவளுக்குத் தெரியாது."

தம்பி அலமாரிக் கதவைத் திறந்தான், மூடினான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் எழப் போனாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்த ஒரு சீன்லதான் நான் நடிக்கவே இல்ல."

"பின்ன?"

"ஷூ. அவங்க குடுத்த ஷூ ஒரு சைஸ் சின்னது. காலையிலேர்ந்து நிக்க வச்சுட்டாங்க. பெஞ்சுல உக்காந்தா கோட்டு கசங்கும்னு உக்காரவும் விடல. எப்படா கட் சொல்லுவாங்கன்னு உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு நின்னேன்."

 பெரியக்காவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மெத்தை வாங்க வந்த ஒரு தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு தம்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லாம இருந்திருக்கலாம்க்கா. கடையில இன்னும் புருவத்தைத் தூக்கித்தான் வணக்கம் சொல்றாங்க."

"ஆமாடா" என்றாள். "இருந்திருக்கலாம்."

அடுத்த வகுப்பில், அந்த அப்பா தன் தம்பிதான் என்று நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் வியப்பில் ஸ்டியரிங்கையே விட்டுவிட்டாள். "எவ்வளவு பெரிய நடிகர்க்கா அவரு!" என்றாள். ஷூ விஷயம் பெரியக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. "ரோட்டைப் பாரு" என்று சொல்லி அதை விழுங்கிவிட்டாள்.

வருஷக் கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் தம்பி வீட்டுக்கு அவளும் வீட்டுக்காரரும் போயிருந்தார்கள். பேச்சு அந்த வருஷத்துப் படங்களுக்குத் திரும்பியது. தம்பி சுரங்கப் படத்துக்குத்தான் முதலிடம் என்றான். பெரியக்கா கிழவிகள் படத்தை விட்டுக்கொடுக்கவில்லை. யாருமே பார்க்காத படத்துக்கு முதலிடம் கொடுத்தால் சண்டை போடக்கூட ஆள் கிடைக்காது என்று தம்பி மனைவி குறைப்பட்டாள். அவளுக்கு இரட்டை வேடப் படம்தான் உசத்தி, அதுவும் கறுப்புக் கண்ணாடிக்காரன். "அவர் நடிச்ச படத்துக்கு என்ன இடம் அண்ணி?" என்று அவளே கேட்டாள். கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நடுவுல" என்றாள் பெரியக்கா. "ஒரு சீனுக்காக நடுவுல. இல்லேன்னா பேய்ப் படத்துக்குக் கீழதான்."

தம்பி தலையை ஆட்டினான். அந்தத் தீர்ப்பு அவனுக்குப் போதுமானதாக இருந்தது போலிருந்தது. பிறகுதான் தன் செய்தியைச் சொன்னான். இன்னொரு படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், டாக்டர் வேஷம், ஒரே ஒரு காட்சி, ஆனால் வசனம் உண்டு. நாளை மறுநாள் போய்ப் பேசிக் காட்ட வேண்டும்.

"நீ நோயாளியோட அம்மா வசனத்தைப் படி, நான் டாக்டர் பேசுறேன்" என்று ஒரு தாளை அவளிடம் நீட்டினான்.

பெரியக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைக் கையை நீட்டிப் பிடித்தாள். "டாக்டர், என் புள்ளை பொழைச்சிருவானா?" என்று படித்தாள்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"என்ன?" என்றாள்.

"ரயில் நிலையத்துல அறிவிப்பு குடுக்குற மாதிரி இருக்குக்கா" என்றான் தம்பி. "எந்த நடைமேடைன்னும் சேர்த்துச் சொல்லிடு."

அவள் மறுபடியும் படித்தாள். இந்த முறை அழுகிற குரலில் முயன்றாள். தும்மல் வருகிறவள் குரல் போல வந்தது. தம்பி மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு எழுந்து போனாள். மனசுக்குள் கேட்கிறபடியே ஒரு வரியைச் சொல்வது இவ்வளவு கஷ்டமா என்று பெரியக்காவுக்குத் திகைப்பாக இருந்தது. உள்ளே சரியாகக் கேட்கிற வாக்கியம் வாயைத் தாண்டியதும் மரக்கட்டையாக விழுந்தது.

"கையை என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"அதான் எனக்கும் தெரியல" என்றான் தம்பி. "தாளை இறக்கிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பாரு."

அவள் தாளை மேசையில் வைத்தாள். நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.